பழைய பாடநூலும் வீட்டுப் பள்ளியும்



புதுவை நகருக்கு வடமேற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது எங்கள் ஊராகிய சேதராப்பட்டு. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் தொழிற்பேட்டையே நினைவிற்கு வரும். காலையிலும் மாலையிலும் தொழிற்கூடங்களுக்குச் செல்வோரும் திரும்புவோருமாகச் சாலை நிறைந்திருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது அங்கு வீடுதோறும் வாயிலில் ஒரு திண்ணை இருந்தது. என் தந்தையார் எழுத்தறிந்தது அத்தகைய ஒரு திண்ணையிலேதான். அக்காலத்தில் எங்கள் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறியது. ஆட்சி எதுவாயினும், திண்ணையில் ஒலித்த பாடம் ஒன்றே. அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, நிகண்டு என்னும் வரிசை, புதுவையிலும் தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அந்தப் பழைய பாடநூல்களைக் கொண்டு இன்று ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குத் தமிழ் கற்பிக்க முடியுமா? முடியுமாயின் எவ்வாறு? எங்கே அந்நூலைப் பின்பற்றுவது, எங்கே அதனோடு வழக்காடுவது? இவ்வினாக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். நீங்கள் மாணவர்கள், உங்களிடம் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைக்கலாம். உங்களிற் பெரும்பாலோர் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பர். அவர்களுக்கு முதல் ஆசிரியராகும் வாய்ப்பு உங்களுக்கே உரியது.

முதலில் திண்ணைப் பள்ளி என்பது யாது என்று காண்போம். சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குத் தனிக் கட்டடம் இல்லை. ஒரு திண்ணை, ஓர் ஆசிரியர், சில பிள்ளைகள், கீழே பரப்பிய மணல், கையில் ஓலைச்சுவடி: இவ்வளவே பள்ளி. பெண் குழந்தைகள் அங்கு மிக அரியர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. இதனை மறந்து அப்பள்ளிகளைப் புகழ்வது நேர்மை ஆகாது. ஆயினும் அங்குக் கையாண்ட கற்பிக்கும் முறையில் நாம் கருதத்தக்கவை உள.

உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அப்பள்ளிகளின் நடைமுறையை விரிவாக எழுதியுள்ளார். பிள்ளைகள் விடியுமுன்னரே பள்ளிக்கு வந்து முந்தின நாள் பாடத்தை ஒப்பித்தனர். மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். மாலையில் வீடு திரும்பும்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அவற்றை மறவாமல் வந்து சொல்லல் வேண்டும். விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வழக்கம் நினைவாற்றலுக்கும் சொல்வளத்திற்கும் ஒருங்கே பயன்பட்டது. நமக்கும் பின்னர் அது பயன்படும்.

மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் இம்முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் கையாண்டு, மூத்த மாணவரைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். 1797ஆம் ஆண்டு இலண்டனில் இதனை நூலாக எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

இனிப் பாடநூல்களுக்கு வருவோம். இந்நூல்களை நாம் நீதிநூல்கள் என்றே அறிந்திருக்கிறோம். அவற்றின் நீதியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவை அமைந்த வரிசையை மட்டும் நோக்குங்கள்.

ஆத்திசூடியில் ஓர் அடிக்கு இரண்டு அல்லது மூன்று சொற்களே உள்ளன. பெரும்பாலான அடிகள் நெடுங்கணக்கின் வரிசையில் ஓர் எழுத்தைத் தலையாகக் கொண்டு தொடங்குகின்றன. ஆதலின் எழுத்தைக் கற்கும் குழந்தை, அவ்வெழுத்தால் தொடங்கும் ஒரு முழுக் கருத்தையும் உடன் பெறுகின்றது. ஙகரத்தை முதலாகக் கொண்ட சொற்கள் தமிழில் வழங்குவது அரிது. அவ்விடத்தில் ஔவையார் அவ்வெழுத்தின் வடிவத்தையே உவமையாக்கி ஓர் அடி அமைத்தார். எழுத்தின் உருவம் குழந்தையின் கண்ணில் பதிய இதனினும் எளிய வழி ஏது?

அடுத்த நூல் கொன்றைவேந்தன். இதுவும் அகர வரிசையில் அமைந்ததே. ஆயின் அடி ஒவ்வொன்றும் நான்கு சீர் உடையது. இரண்டு மூன்று சொல்லைத் தாங்கிய நாவிற்கு இப்பொழுது நான்கு சீர் தரப்படுகின்றது. அடுத்து மூதுரை. அதில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 30 வெண்பாக்கள் உள்ளன, நல்வழியில் 40. ஒவ்வொரு வெண்பாவும் நான்கடி உடையது. ஒரு கருத்தும் அதனை விளக்கும் உவமையும் அங்கே சேர்ந்து வருகின்றன. இடையே உலகநீதி வருகின்றது. விலக்கத்தக்க செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரே வகையான எதிர்மறை முடிபோடு நடத்திச் செல்வது அந்நூல். எதிர்மறை வாக்கிய அமைப்பு குழந்தையின் காதில் இலக்கண விதியின்றியே பதிந்துவிடுகின்றது.

பின்னர் நிகண்டு. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று தொடங்கும் முதற் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைக் கூறும். 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். 12ஆம் தொகுதி தொகைப் பெயர்களைக் கூறும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றுவதற்கு முன்னர், சொல்லுக்குப் பொருள் தேடியவர்க்கு மனப்பாடமாகிய நிகண்டே அகராதியாக இருந்தது.

ஆக, எழுத்து, சொற்றொடர், நாற்சீர் அடி, நாலடிப் பாட்டு, சொற்களஞ்சியம் என்று படிப்படியாக ஏறும் ஒரு படிக்கட்டு இங்கே இருக்கின்றது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எளிமையிலிருந்து அருமைக்குச் செல்க என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அந்தக் கோட்பாட்டைப் புதியதென்று எண்ணித் தேர்வில் எழுதினேன். என் தந்தையார் திண்ணையில் அதனை நடைமுறையிலேயே கற்றிருந்தார் என்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இவை யாவும் செய்யுள். உரைநடையின் நிலை என்ன? உரைநடைப் பாடநூல் நம்மிடையே பெருகியது அச்சின் பயனாக. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் அச்சேறி, நெடுங்காலம் மாணவர் பயிலும் உரைநடை நூலாக விளங்கியது. அடுத்து, யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மாணவர்க்கேற்ற நூல்கள் இல்லாமையைக் கண்டு பாலபாடம் என்னும் வரிசையைத் தாமே எழுதி அச்சிட்டார். முதற் பாலபாடம் எழுத்தறியும் சிறுவர்க்கு உரியது. நான்காம் பாலபாடத்தில் களவு, கள்ளுண்ணல் முதலிய பொருள்களைப் பற்றி முழு நீளக் கட்டுரைகள் உள்ளன. இடையில் உள்ள தொலைவை மாணவன் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கடக்கின்றான். இவற்றோடு இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை ஆகியவற்றையும் அவர் எழுதினார். அவர் காலத்துச் சமயக் கொள்கைகளும் சமுதாயக் கருத்துகளும் அந்நூல்களில் இடம்பெற்றன. அவற்றை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆனால் தமிழ் வாக்கியத்தைத் தெளிவாக, நிறுத்தக் குறிகளோடு, பொருள் விளங்க எழுதும் முறையைச் சிறுவர்க்கு அந்நூல்கள் கற்பித்தன என்பதில் ஐயமில்லை.

இத்தகைய பாடநூல்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. அமெரிக்காவில் மக்கஃபி என்னும் ஆசிரியர் தொகுத்த வாசக நூல்கள் 1836 முதல் வெளிவந்தன. பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் குடும்பங்கள் சில, அவற்றின் மறுபதிப்பை இன்றும் வாங்கிக் கையாளுகின்றன. பிரான்சு நாட்டிலோ, 17ஆம் நூற்றாண்டில் லா ஃபோந்தேன் பாடிய விலங்குக் கதைகளைப் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்வது நெடுநாள் வழக்கம்.

நான் இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், பழைய பாடநூலைக் கையில் எடுத்தது ஓர் இடர்ப்பாட்டினால்தான். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. நான் அப்பொழுது ஓய்வு பெற்றிருந்தேன். மூன்றாம் வகுப்பு மாணவியாகிய என் பேத்தி கைப்பேசியில் பாடம் கேட்கத் தொடங்கினாள். வீட்டில் இருந்த கைப்பேசி ஒன்றே. அதுவும் அவள் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். சில மாதங்கள் கழித்து ஒருநாள் செய்தித்தாளின் தலைப்பை வாசிக்கச் சொன்னேன். எழுத்துகளைத் தனித்தனியே சொன்னாள். சொல்லாகக் கூட்ட இயலவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் பிறர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன் வீட்டில் இந்நிலை. பல வீடுகளிலும் அந்நாளில் இதுவே நிலை. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு, எங்கள் ஊருக்கு அண்மையதாகிய விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில், இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியதும் இத்தகைய இழப்பை ஈடு செய்யவே.

என் தந்தையாரின் பெட்டியில் ஒரு சிறு நூல் இருந்தது. அட்டை இல்லை, ஓரங்கள் பழுப்பேறி உதிர்ந்தன. அரிச்சுவடியும் நீதிநூல்கள் சிலவும் சேர்ந்த மலிவுப் பதிப்பு அது. அதனை எடுத்துக்கொண்டு நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் பேத்தியோடு அமர்ந்தேன்.

முதல் தடை எழுத்திலேயே வந்தது. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்றது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்னும் நான்கும், ணா, றா, னா என்னும் மூன்றும், இவ்வினத்தைச் சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகள் ஆறும், ஆக 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். முதல் நான்கிற்கும் துதிக்கை போன்ற ஒரு கொம்பு உண்டு. பேத்தி அவற்றிற்கு யானை எழுத்து என்று பெயரிட்டாள். ஒரு தாளில் 13 எழுத்துகளையும் இரண்டு வடிவிலும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் தடை நீங்கியது. தடை என்று நான் அஞ்சியது அவளுக்குப் புதிர் விளையாட்டாகிவிட்டது.

நாங்கள் கையாண்ட முறை நான்கு படிகளை உடையது. அதனை நீங்களும் கையாளலாம் ஆதலின் சற்று விளக்கிக் கூறுகின்றேன்.

முதற்படி கேட்டல். நூலைக் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன், ஓர் அடியை நான் இருமுறை நிறுத்தி, தெளிவாக வாசிப்பேன். லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் என் வாயில் வேறுபட்டு ஒலித்தாலன்றி அவள் காதில் வேறுபடமாட்டா.

இரண்டாம் படி சொல்லுதல். அவள் அதனைப் பார்க்காமல் சொல்வாள். பிறகு பார்த்து வாசிப்பாள். செவிக்குப் பழகிய தொடரைக் கண் காணும்போது எழுத்துக் கூட்டும் துன்பம் குறைகின்றது. அறிந்த ஊருக்குச் செல்லும் பாதை போல அது அமைந்துவிடுகின்றது.

மூன்றாம் படி எழுதுதல். மணலுக்கு மாறாகச் சிலேட்டுப் பலகை. நான் சொல்ல அவள் எழுதுவாள். ஒருநாளைக்கு ஐந்து தொடர்களுக்கு மேல் இல்லை. பிழையை நான் திருத்துவதில்லை; நூலோடு ஒப்பிட்டு அவளே கண்டுபிடிக்க வேண்டும். தன் பிழையைத் தானே கண்டவள் அதனை மறுமுறை செய்வது அரிது.

நான்காம் படி பிரித்தலும் மாற்றலும். பழைய நூல்களில் சொற்கள் புணர்ந்தே நிற்கும். மரத்தடியிலிருந்தான் என்று ஒரு தொடர் வந்தால், மரத்து, அடியில், இருந்தான் என்று பிரிக்கச் சொல்வேன். மரம் என்பது மரத்து என்று ஏன் ஆயிற்று என்று அவள் வினவிய நாளில் அத்துச் சாரியையைப் பற்றிச் சொன்னேன். வினவாத நாளில் இலக்கணம் பேசவில்லை. பின்பு அதே கருத்தைத் தன் பேச்சுமொழியில் சொல்லி, மீண்டும் ஏட்டுமொழியில் எழுதச் சொல்வேன். பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையே உள்ள ஆற்றைக் கடக்கும் பாலம் இப்பயிற்சியே ஆகும்.

மாலையில் எழுமுன், சாமிநாதையர் சொன்ன பூவும் பறவையும் ஊரும் வரும். ஒருநாள் ஆவாரம்பூ, மீன்கொத்தி, ஊசுடு என்று மூன்று பெயர்களைச் சொன்னேன். மறுநாள் அவள் பெயர்களை மட்டும் கொண்டு வரவில்லை. ஆவாரம்பூவைப் பார்த்துவிட்டு மீன்கொத்தி ஊசுட்டேரிக்குத் தண்ணீர் குடிக்கப் போனது என்று ஒரு வாக்கியமாகவே கொண்டு வந்தாள். அன்று முதல் மூன்று பெயரும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று.

இனி, நான் எதிர்பாராத ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். ஆத்திசூடியில் தகர வரிசையை அடைந்தோம். அங்கே தையல் என்ற சொல்லைக் கொண்ட ஓர் அடி உள்ளது. பெண்ணின் சொல்லைக் கேட்க வேண்டா என்னும் கருத்துடையது அது. பேத்தி நிறுத்தினாள். அவள் தாயாகிய என் மருமகள் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவள். "தையல் எப்படித் தாத்தா பேசும்? மிஷின்தானே சத்தம் போடும்?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு, தையல் என்றால் பெண் என்றும் பொருள் உண்டு என்றேன். ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருதலையும், நிகண்டின் 11ஆம் தொகுதி அதற்கென்றே அமைந்ததையும் சொன்னேன். பாடம் நன்றாக நடந்தது என்று எனக்குள் மகிழ்ந்தேன்.

அவள் விடவில்லை. "அப்படியென்றால் அம்மா சொல்வதைக் கேட்க வேண்டாமா? நான் சொல்வதையும் கேட்க வேண்டாமா? பின்னே இதை நான் ஏன் படிக்க வேண்டும்?" என்றாள்.

நண்பர்களே, இந்த வினாவிற்கு என்னிடம் விடை இல்லை. முப்பதாண்டு வகுப்பறையில் எத்தனையோ பெண்கள் என் முன் அமர்ந்து அந்த அடியை ஒப்பித்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் இதனைக் கேட்டதில்லை. கேட்கும் இடத்தை நான் அவர்களுக்கு அளித்ததில்லை என்பதே உண்மை. அந்த அடிக்குச் சூழலுக்கேற்ப வேறு பொருள் கூறி மழுப்பிய உரையாசிரியர் வழியை நானும் அறிவேன். எட்டு வயதுப் பேத்தியின் முகத்தைப் பார்த்து அவ்வாறு செய்ய மனம் வரவில்லை. "இந்த அடி தவறு" என்று சொன்னேன். "அப்படியானால் சரியானதை நீயே எழுது. தை என்று தொடங்கவேண்டும், மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகக்கூடாது" என்றேன்.

சிலேட்டை எடுத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு, "தைக்கும் அம்மா சொல் கேள்" என்று எழுதிக் காட்டினாள்.

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கியது. பழைய பாடநூலை இரண்டு வகையாகக் கெடுக்கலாம். பழையது என்று தூக்கி எறிதல் ஒன்று. பழையது என்பதற்காகவே வணங்குதல் மற்றொன்று. நம் முன்னோர் இவ்விரண்டையும் செய்யவில்லை. 1908 முதல் 1918 வரை இப்புதுவையில் வாழ்ந்த பாரதியார், ஔவையாரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, புதிய ஆத்திசூடி எழுதினார். எழுத்து வரிசை அதுவே, கருத்து வேறு. புதுவையிற் பிறந்து, 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராகப் பணியாற்றிய பாரதிதாசனாரும் தம் கொள்கைக்கேற்ப ஓர் ஆத்திசூடி இயற்றினார். படிக்கட்டை வைத்துக்கொண்டு, பழுதான படியை மட்டும் மாற்றினர் அப்பெருமக்கள். என் பேத்தி தான் அறியாமலே அவர்களது வழியிற் சென்றாள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பழைய முறை மனப்பாட முறையல்லவா? வினாவிற்கு அங்கே இடம் ஏது? நடைமுறையில் பல திண்ணைகளில் பிரம்பே விடையாக இருந்தது உண்மை. ஆயினும் நூல் சொல்வது வேறு. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூல் பயிலும் இயல்பைக் கூறுமிடத்து, பாடத்தைப் போற்றிக் கொள்ளுதலோடு நிறுத்தவில்லை. கேட்டதை மீண்டும் நினைத்துப் பார்த்தலையும், உடன் பயில்வாரோடு கூடிப் பயிலுதலையும், ஐயமுற்றதை வினாவுதலையும், பிறர் வினாவியதற்கு விடை கூறுதலையும் சேர்த்தே கூறுகின்றார். மனப்பாடம் முதற்படி. அதன்மேல் ஏறாது அங்கேயே நின்றுவிட்டது நம் குறை. நூலின் குறை அன்று.

வேறு சில எச்சரிக்கைகளும் கூறுதல் கடமை. பழைய பாடநூல் பள்ளிக்கு மாற்று அன்று. 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமையை 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியுள்ளது. ஒத்த வயதினரோடு கூடிப் பயில்வதும், சாதியும் சமயமும் பாராது ஒரே பலகையில் அமர்வதும் பள்ளி தரும் கல்வி. திண்ணை தர மறுத்ததும் அதுவே. வீட்டின் அரைமணி நேரம் பள்ளிக்குத் துணை, அவ்வளவே. மேலும், பழைய நூலின் அறிவியலையும் நில நூலையும் அப்படியே கற்பித்தல் தகாது. அவை மாறிவிட்டன. மொழிப் பயிற்சிக்கு மட்டுமே அந்நூல்கள் ஏற்றவை. மூன்றாவது, குழந்தைக்குச் சலிப்பு வந்த இடத்தில் நூலை மூடிவிட வேண்டும். நான் மூடாத இரண்டு நாட்களில் அழுகையே மிஞ்சியது.

இவ்வாறு ஓராண்டு சென்றது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முடிந்தன. மூதுரையில் பாதி ஆயிற்று. இணையத்திலிருந்து முதற் பாலபாடத்தை எடுத்து அச்சிட்டு அதனையும் வாசித்தோம். செய்தித்தாளின் தலைப்பை அவள் இப்பொழுது உரக்க வாசித்தாள். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருப்பதாக ஒருநாள் எனக்குக் காட்டவும் செய்தாள். பழைய நூல் மட்டுமே இதனைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். நாள்தோறும் ஒருவர் அருகில் அமர்ந்ததும் காரணம். அமர்வதற்கு ஒரு காரணத்தையும், ஏறுவதற்கு ஒரு படிக்கட்டையும் அந்நூல் தந்தது.

இறுதியாக, என் பிழை ஒன்றை மறையாது கூற விரும்புகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் தலைமை ஏற்ற ஒரு பள்ளியில் அலமாரிகள் இரண்டில் பழைய பாடநூல்கள் நிறைந்திருந்தன. புதிய நூல்களுக்கு இடம் வேண்டியிருந்தது. பழையவற்றை எடைக்குப் போடுமாறு நானே சொன்னேன். மறுநாள் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து, தாம் மாணவனாக இருந்தபோது படித்த வாசகப் புத்தகம் அதில் இருந்ததாகவும், ஒருமுறை பார்க்கலாமா என்றும் கேட்டார். வண்டி சென்றுவிட்டது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணைத் தூணைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார், பின்பு போய்விட்டார். எடைக்குக் கிடைத்த தொகை எவ்வளவு என்பது இன்று எனக்கு நினைவில்லை. அவர் நின்ற நிலை நினைவில் இருக்கின்றது.

இன்று அத்தகைய நூல்களைத் தேடுவோர்க்கு வழிகள் உள. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பாடநூல்கள் பல படிக்கக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களை நூலகம் என்னும் இணைய நூலகத்திற் காணலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அரிய அச்சு நூல்களைப் பேணி வருகின்றது. 1827ஆம் ஆண்டில் தோன்றிய புதுவை ரோமன் ரோலண்டு நூலகம் நம் அருகிலேயே இருக்கின்றது. எல்லாவற்றிற்கும் முன்னதாக, உங்கள் வீட்டுப் பரணையும் பாட்டனாரின் பெட்டியையும் பாருங்கள். பழந்தாளை மடக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, படத்தைக் கொண்டு பாடம் நடத்துங்கள். நூல் பெட்டியில் இருக்கட்டும்.

வரும் விடுமுறையில் ஒரு பழைய பாடநூலைத் தேடி எடுத்து, வீட்டிலுள்ள இளையவர் ஒருவரோடு நாள்தோறும் அரைமணி நேரம் அமருங்கள். வாசித்துக் காட்டுங்கள், சொல்லச் செய்யுங்கள், எழுதச் செய்யுங்கள், பிரிக்கவும் மாற்றவும் செய்யுங்கள். தவறான கருத்து வந்தால் தவறென்று சொல்லுங்கள். குழந்தை கேள்வி கேட்டால் நூலை மூடிவிட்டு அதற்கு முதலில் விடை தேடுங்கள்.

என் பேத்தி இப்பொழுது உயர்நிலை வகுப்பில் படிக்கின்றாள். தந்தையாரின் அந்த அட்டையில்லா நூலுக்கு அவளே ஒரு துணி உறை தைத்திருக்கின்றாள். தாயிடம் கற்ற தையல். தகர வரிசைப் பக்கத்தில் ஒரு சிறு தாள் செருகப்பட்டிருக்கின்றது. சிலேட்டில் எழுதிய தன் அடியை மறந்துவிடாமல் அவள் அதில் எழுதி வைத்திருக்கின்றாள். பழைய அடியும் அங்கேதான் இருக்கின்றது. அடுத்து அந்நூலைத் திறக்கும் குழந்தை இரண்டையும் படிக்கும்.